காணிக்காரர் சொன்னால் கேளுங்கள்

பொதிகை என்றால் தென்றலும் தாமிரபரணியும் நமக்கு நினைவு வரும். அகத்தியர் வாழ்ந்ததாகச் சொல்லும் அந்த மலையுச்சிக்கு ஏற நினைப்பவர்கள் இன்று பெரும்பாலும் கேரளம் வழியாகத்தான் போகிறார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டில் நடை தொடங்குகிறது. ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வனத்துறை அனுமதிச் சீட்டு தரும். முதல் நாள் இரவு அதிருமலை முகாமில் தங்கல். மறுநாள் 1,868 மீட்டர் உச்சி. பெண்களுக்கு இந்த வழி திறந்தது, உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2019இல்தான். அத்தனை காலம் தடுத்து வைத்ததற்கு என்ன நியாயமோ!

முகாமைத் தாண்டினால் ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். அந்த மூச்சு வாங்கலில்தான் ஒரு மருந்தே பிறந்தது. 1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆய்வாளர்கள் இந்தக் காட்டில் ஏறினார்கள். வழிகாட்டிகளாகப் போனவர்கள் காணிப் பழங்குடி இளைஞர்கள். ஆய்வாளர்களுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. காணிகளோ ஏதோ ஒரு சிறு காயை மென்றபடி, களைப்பே தெரியாமல் நடந்தார்கள். கேட்டால் முதலில் சொல்லவில்லை. குலத்துக்குள் காத்துவந்த ரகசியத்தை வழிப்போக்கரிடம் சட்டென்று சொல்லிவிடுவார்களா என்ன? பிறகுதான் செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்று அதற்குப் பெயர். அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, அதற்காக 1997இல் அறக்கட்டளையும் அமைந்தது. காட்டறிவை வாங்கிக்கொண்டு கையை விரிப்பதே வழக்கமாக இருந்த நாட்டில் இது பெரிய காரியம்.

உச்சிக்குச் சற்றுக் கீழே வழுக்குப் பாறை. வடம் கட்டியிருக்கிறார்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். பாறையைப் பார்த்தபடி, முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி, காலால் துழாவித்தான் இறங்க வேண்டும். வடத்தை நம்பி முழுப் பாரத்தையும் தொங்கவிடக் கூடாது. பிடிப்புக்கு மட்டுமே அது. முன்னால் போகிறவர் இறங்கி நின்ற பிறகே அடுத்தவர் வடத்தில் கை வைக்க வேண்டும்.

போக நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேகம் இறங்குகிறது, இன்று உச்சி வேண்டாம் என்று கூட வரும் காணிக்காரர் சொன்னால் வாதாடாதீர்கள். அங்கேயே திரும்பிவிடுங்கள்.