லேடாங் இளவரசியும் டாமான்சாரா சூனியக்காரியும்

மூவார் நகரிலிருந்து வடக்கே பார்த்தால், மேகம் விலகிய நாளில் லேடாங் மலை தெரியும். 1,276 மீட்டர் உயரம். ஜொகூர் மாநிலத்தின் பழைய சூனியக்காரி அங்கேதான் குடியிருக்கிறாள். இளவரசி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவள் செய்த காரியத்தைப் பார்த்தால் இந்தப் பெயரும் பொருந்தும்.

'செஜாரா மெலாயு' நூலில் வரும் கதை இது. மலாக்கா சுல்தான் மகமுது ஷாவுக்கு அவளை மணக்க ஆசை. தூதர்கள் மலையேறுகிறார்கள். துன் மாமாட் என்பவர் மட்டும் உச்சியை அடைகிறார். அங்கே ஒரு கிழவி இளவரசியின் நிபந்தனைகளைச் சொல்கிறாள். மலாக்காவிலிருந்து மலைக்குப் பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தட்டு கொசுவின் இதயம், ஒரு தாழி கண்ணீர். கடைசியில் அரசன் ரத்தம் ஒரு கிண்ணம், அவன் மகன் ரத்தம் ஒரு கிண்ணம். கொசுவின் இதயத்துக்குக்கூட அசராத சுல்தான் ரத்தம் என்றதும் பின்வாங்கினான். அந்தக் கிழவியே இளவரசிதானோ என்றும் ஒரு சந்தேகம் கதையில் உண்டு. ஆக, மந்திரம் தெரிந்த ஒரு பெண் அரசனிடம் 'மாட்டேன்' என்ற சொல்லை வாயால் சொல்லாமலே சொல்லிவிட்டாள்.

இந்த வித்தையை ஆண் கற்றால் மந்திரவாதி, பொமோ என்று பயபக்தியோடு அழைப்பார்கள். பெண் கற்றால் சூனியக்காரி! அது வசைச்சொல். வசையோடு நிற்பதும் இல்லை. சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களை அடித்துக் கொல்வதைத் தடுக்க, பீகார் அரசு 1999-இல் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகு ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான், அசாம் என்று பல மாநிலங்களும் சட்டம் போட்டன. இப்படிச் சிக்கியவர்களில் விதவைகளும் வயதானவர்களும் கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்களும் அதிகம்.

அதனால்தான் மலேசியாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் எழுத்தாளர் ஸென் சோவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அவருடைய 'ஸ்பிரிட்ஸ் அப்ரோட்' சிறுகதைத் தொகுப்பை 2014-இல் வெளியிட்டது பெரிய நிறுவனம் அல்ல. அமீர் முகமது 2011-இல் தொடங்கிய 'புக்கு ஃபிக்சி' என்ற சுயாதீனப் பதிப்பகம். அதில் ஒரு கதை 'டாமான்சாராவின் முதல் சூனியக்காரி'. வெளிநாட்டில் வாழும் விவியன் நவநாகரிகப் பெண். அவளுடைய பாட்டி சூனியக்காரி. பாட்டி இறந்த செய்தி கேட்டு வீடு திரும்புகிறாள். பாட்டியோ செத்தும் அடங்குவதாக இல்லை. பாட்டியின் வித்தை விவியனுக்கு வரவில்லை. தங்கை வெய் யிக்கு வந்திருக்கிறது. பயமுறுத்தலைவிட குடும்பச் சண்டையும் சிரிப்பும்தான் இதில் அதிகம். சூனியக்காரி இங்கே விரட்டப்பட வேண்டியவள் அல்ல, வீட்டில் மூத்தவள்.

பதிப்பகத்தின் ஒரு பிடிவாதத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் புத்தகத்தில் வரும் மலேசியச் சொற்களை அவர்கள் சாய்வெழுத்தில் அச்சிடுவதில்லை. இங்குள்ள வாசகருக்கு அவை அந்நியச் சொற்கள் அல்லவே என்பது அவர்கள் வாதம். இந்தத் தொகுப்பு 2015-இல் கிராஃபோர்ட் விருதை இன்னொரு நூலோடு பகிர்ந்துகொண்டது.

நம் தோட்டப்புற லயங்களிலும் திருநீறு போட்டு, கயிறு மந்திரித்து, பிரசவமும் பார்த்த பாட்டிகள் இருந்தார்கள். பகலில் அவர்களைப் பார்த்து ஒதுங்கிப் போனவர்கள்தான், நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.