துணிவும் கணக்கும்



திரைப்படத்தில் ஓடும் குதிரையினின்று ஒருவன் தாவிப் பாய்வதைக் கண்டால் நீங்கள் கைதட்டி மகிழ்கிறீர்கள். பாய்ந்தவன் பெரும்பாலும் கதாநாயகன் அல்லன். அவனுக்குப் பதிலாகத் தன் உயிரைப் பணயம் வைக்கும் வேறொருவன். அத்தகையோருள் தலைசிறந்தவராகிய யகிமா கனட் என்பவரைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறேன்.

இவர் 1895இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்தார். முரட்டுக் குதிரைகளை அடக்கும் ரோடியோ போட்டிகளில் பெயர் பெற்று ஹாலிவுட் சென்றார். 1920-களில் மௌனப் படங்களில் கதாநாயகராக விளங்கினார். பிறகு பேசும் படம் வந்தது. முதல் உலகப் போரின்போது கடற்படையில் இருந்த காலத்தில் கண்ட இன்புளுயன்சா காய்ச்சல் அவரது குரலைக் கெடுத்திருந்தது. குரல் கெட்டவருக்குக் கதாநாயகர் வேடம் ஏது? ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. வில்லனாக நடித்தார், பிறருக்காகக் குதிரையினின்று வீழ்வதையே தொழிலாகக் கொண்டார்.

1939இல் வெளிவந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தில் ஒரு காட்சி. ஆறு குதிரைகள் பூட்டிய வண்டி பாலைவெளியில் விரைகிறது. கனட் தம் குதிரையினின்று வண்டியின் முன்குதிரை மீது தாவுகிறார். சுடப்பட்டவர்போல் குதிரைகளுக்கிடையே விழுகிறார். சிறிது தூரம் தரையில் இழுபடுகிறார். பின் கையை விடுகிறார். குளம்புகளுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே அவர் கிடக்க, வண்டி அவரைக் கடந்து செல்கிறது!

இதனை வெறும் முரட்டுத் துணிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள். மரக்கிளையினின்று குதித்துக் கையை ஒடித்துக்கொண்ட பிள்ளைகளை என் ஆசிரியப் பணியில் நான் பலமுறை கண்டதுண்டு. அவர்களிடம் துணிவு இருந்தது; கணக்கு இல்லை. கனட்டோ குதிரைகளின் இடைவெளியையும், வேகத்தையும், கையை விட வேண்டிய கணத்தையும் முன்னரே ஆராய்ந்து ஒத்திகை பார்ப்பவர். விழுபவனுக்குக் காயம் நேராதிருக்கச் சேணத்திலும் அங்கவடியிலும் புதிய அமைப்புகளை உண்டாக்கினார்.

1959இல் வெளிவந்த 'பென்ஹர்' படத்தின் தேர்ப்பந்தயத்தை ரோம் நகரில் அமைத்துப் பயிற்றுவித்தவரும் இவரே. அதில் கதாநாயகருக்குப் பதிலாகத் தேரோட்டிய இவருடைய மகன் ஜோ முன்புறமாகத் தூக்கியெறியப்பட்டும், மோவாயில் சிறு காயத்தோடு தப்பினார்.

1967இல் கனட்டுக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. அவரது சாகசங்களுக்காக மட்டுமன்று, சாகசக் கலைஞர் அனைவரையும் காக்கும் சாதனங்களை அமைத்தமைக்காகவும் அதனை அளித்தனர். எண்ணற்ற முறை குதிரைக் காலடியில் விழுந்தெழுந்த அம்மனிதர், 90 வயது வரை வாழ்ந்து 1986இல் மறைந்தார்.

துணிவுக்குக் கணக்கைத் துணையாக்குங்கள்.