ஸ்திரீபார்ட் சுந்தராம்பாள்



சம்பந்தர் பாடிய ஊர் இந்த மாகறல். சேயாற்றங்கரையில் மாகறலீசர் சந்நிதியில் பாட்டுக் கேட்டே வளர்ந்த ஊர். இங்கே கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைப் பற்றிப் பேசக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஔவையார் என்றதும் கை தட்டுகிறீர்கள், தட்டுங்கள்! ஆனால் அது 1953இல் வந்த படம். அதற்கும் கால் நூற்றாண்டு முந்தி, விடிய விடிய மேடையில் நின்ற ஸ்திரீபார்ட் சுந்தராம்பாளைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

"அந்தம்மா பாடகி, நடிகை இல்லை" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்கள்தான் சொல்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன், ஸ்பெஷல் நாடகம் பார்த்ததுண்டா? ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர். கூடி ஒத்திகை பார்ப்பது கிடையாது. வள்ளி திருமணத்தில் வேடனாக வந்து நிற்கிறவர் என்ன கேட்பார் என்று வள்ளிக்குத் தெரியாது. கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்ல வேண்டும். பாட்டிலே சொல்ல வேண்டும், ஆர்மோனியக்காரர் பிடித்த சுருதியிலே சொல்ல வேண்டும், குறத்தியின் கோபமும் வெட்கமும் முகத்திலே குறையாமல் சொல்ல வேண்டும். மைக் இல்லாத காலம் அய்யா! கடைசியில் நிற்கிறவன் காதுக்கும் அந்தச் சொல் போய்ச் சேர வேண்டும். இது நடிப்பில்லை என்றால் எது நடிப்பு?

எதிரே நின்றவர் யார்? செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா! அந்தக் குரலுக்கு எதிரே நின்று பாட ஆண்களே தயங்கிய காலம். கொழும்பு மேடையில் அவரோடு சேர்ந்து நின்றது, இருபது வயதுகூட ஆகாத கொடுமுடிப் பெண். அவருக்கு இந்தம்மா ஒரு படிகூட இறங்கவில்லை. அதனால்தான் சனம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கேட்டது.

அந்தக் கிட்டப்பாவையே மணந்தார். 1933 டிசம்பரில் கணவர் போய்விட்டார். அம்மாவுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளைப் புடவை கட்டினார். இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அப்படியே மூலையில் உட்கார்ந்துவிட்டாரா? நந்தனாராக வேஷம் கட்டி மேடைக்கு வந்தார்! ஆண் வேஷம்! அதையே 1935இல் படமாக எடுத்தபோது சம்பளம் ஒரு லட்ச ரூபாய். சவரன் முப்பது ரூபாய்க்குள் விற்ற காலம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், மூவாயிரம் சவரனுக்கு மேலே!

படம் வந்ததும் பெரிய எழுத்தாளர் ஒருவர், அதில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும்தான் என்கிற மாதிரி எழுதினார். பேர் சொல்லமாட்டேன். படம் சரியாக ஓடவில்லைதான், இல்லை என்று யார் சொன்னது? முன்னால் சனம் இல்லாமல் காமிராவைப் பார்த்துப் பாடச் சொன்னார்கள். சனத்தின் மூச்சைக் கேட்டுப் பாட்டை நீட்டவும் நிறுத்தவும் தெரிந்த கலைஞரை அப்படியா எடைபோடுவது? எருமையை எழுதத் தெரிந்த பேனாவுக்கு, மேடையில் அவர் நின்ற நிலையை எழுத நாலு வரி கிடைக்கவில்லையா?

மேடையை அறிந்த நம்ம காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். பேர் வேண்டாம், உங்கள் கைதட்டலே சொல்லிவிட்டது! நாடகம் எழுதினார், தானே காகபட்டராக வேஷமும் கட்டினார். முதலமைச்சர் நாற்காலிக்குப் போனவருக்கு மேடையின் அருமை தெரியும். சுந்தராம்பாளோ அவருக்கு எதிர்க்கட்சி, காங்கிரஸ் மேடையில் பாடியவர். சினிமாக்காரர்கள் கோட்டைக்குப் போவதற்கு வெகு முன்னால் சட்ட மேலவைக்குப் போனவர். கட்சி எதுவானாலும் இரண்டு பேரையும் வளர்த்தது மேடைதான்.

மேடை ஒரு பெண்ணை இப்படி வளர்த்தும், இன்றைக்கும் நம் பக்கத்துக் கூத்திலே திரௌபதியாகப் பெரும்பாலும் ஆண்தான் வருகிறார். நான் குறை சொல்லவில்லை, அது பெரிய கலை. புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகள் வேஷம் கட்டி ஆடிக் காட்டினார்களே, எந்த ஆண் பிள்ளைக்குக் குறைந்தார்கள்? அவர்களை எத்தனை ஊர்த் திருவிழாவுக்கு அழைத்தோம்?

விழாக் குழுப் பெரியவர்களே, ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு ராத்திரிக்கானதை ஒதுக்குங்கள். பெண் கலைஞர்களைக் கூப்பிட்டு வள்ளி திருமணம் போடுங்கள். பேசிய சம்பளத்தை விடிவதற்குள் அவர்கள் கையிலே கொடுங்கள். உங்கள் பெண் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.