சிசிஎன்ஏ படிக்க எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

ஆரணியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அப்பா பட்டுத்தறியில கூலிக்கு நெய்றார். நான் சிசிஎன்ஏ எழுதணும். யூடியூப், புத்தகம், கோச்சிங், டம்ப்ஸ்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுல பணம் போடறது?"

தேர்வுக் கட்டணம் மட்டுமே 300 டாலர், வரி தனி. நம்ம பணத்துல 25,000 ரூபாய்க்கு மேல. தவறிட்டா மறுபடியும் முழுசா கட்டணும். அதனால படிக்கிற செலவைக் குறைச்சு, அந்தப் பணத்தைத் தேர்வுக்குன்னு எடுத்து வைங்க.

முதல்ல, 200-301 தேர்வோட பாடத்தலைப்புப் பட்டியல். சிஸ்கோ தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பிரிண்ட் எடுத்துக்குங்க. ஜக்கார்டு அட்டை சரியில்லன்னா சேலையில டிசைன் சரியா விழாதுன்னு உங்க வீட்டுலயே தெரியும். இந்தப் பட்டியல்தான் உங்க அட்டை. இதில் ஆறு பிரிவுகள். நெட்வொர்க் அடிப்படைகளும் நெட்வொர்க் அணுகலும் தலா 20 சதவீதம். ரவுட்டிங் வரும் ஐபி இணைப்பு 25. ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு 15, ஆட்டோமேஷன் 10.

எந்தப் புத்தகமானாலும் வகுப்பானாலும் இந்தப் பட்டியலோட ஒப்பிட்டுப் பாருங்க. 2024 ஆகஸ்டில் தேர்வு 1.1 பதிப்புக்கு மாறியது. பப்பெட்டும் செஃப்பும் போய் டெராஃபார்ம் வந்தது; ஏஐ பற்றிய தலைப்பும் சேர்ந்தது. சீனியர் கொடுத்த பழைய 200-301 புத்தகம் இருந்தா தூக்கிப் போடாதீங்க. ரவுட்டிங், சுவிட்சிங் படிக்க அது போதும். புதுசா வந்ததை மட்டும் தனியா படிச்சுக்கலாம்.

அடுத்து, ஒரே ஒரு முதன்மைப் பாடம். வீடியோ பிடிக்கும்னா யூடியூபில் 'ஜெரெமிஸ் ஐடி லேப்' முழுப் பாடமும் இலவசம். ஆங்கிலம் வேகமா இருந்தா சப்டைட்டில் போட்டு, வேகத்தைக் குறைச்சுப் பாருங்க. வாசிக்கப் பிடிக்கும்னா வெண்டல் ஓடம் எழுதிய இரண்டு தொகுதிகள். மூணு கோர்ஸைப் பாதிப் பாதி பார்க்கறதைவிட, ஒண்ணை முழுசா முடிக்கறது மேல்.

கைப்பழக்கத்துக்கு ரவுட்டர் வாங்க வேண்டாம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு தொடங்கினா பாக்கெட் டிரேசர் இலவசம்.

கோச்சிங் சேரணும்னா, பணம் கட்டும் முன் ஒண்ணு கேளுங்க: "சார், ஓஎஸ்பிஎஃப் கான்ஃபிகர் பண்ணின பிறகு, நீங்களே ஒரு இடத்தில் தப்பா மாத்தி, எங்களைக் கண்டுபிடிக்கச் சொல்வீங்களா?" ஆமான்னா ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்க. வெறும் ஸ்லைடுதான்னா அது வீட்டிலேயே இலவசமா கிடைக்குது.

டம்ப்ஸ் வேண்டவே வேண்டாம். அது விதிமீறல், கண்டுபிடிச்சா சிஸ்கோ சான்றிதழையே ரத்து செய்யலாம். தப்பிச்சாலும் இன்டர்வியூ இருக்கு. "192.168.10.77, ஸ்லாஷ் 26. எந்த நெட்வொர்க்?"னு கேட்பாங்க. ஸ்லாஷ் 26-ன்னா 64, 64 முகவரியா பிரியும். 77 விழறது 64-க்கும் 127-க்கும் நடுவில். ஆக நெட்வொர்க் 192.168.10.64. இந்தக் கணக்கு மனசுல ஓடணும். மனப்பாடம் பண்ணின விடை அங்கே உதவாது.

தேர்வு 120 நிமிடம்; விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. பட்டியலில் ஒவ்வொரு வரியையும் புத்தகம் பார்க்காம விளக்கவும், செய்ய வேண்டியதைப் பாக்கெட் டிரேசரில் செய்யவும் முடியுதான்னு டிக் போட்டுட்டு வாங்க. எல்லா வரியிலும் டிக் விழுந்த பிறகு அந்த 300 டாலரைக் கட்டுங்க, தம்பி.