தலைவலி தனக்கு வந்தவர்கள்



தீராத நோயை எதிர்த்து நிதி திரட்டத் தூண்டுவது சொந்த வேதனையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி, 'நம்ம வீட்டுக்கு வந்ததுக்காக நிதி திரட்டினா அது சுயநலம்'னு அழகாச் சொல்லிட்டுப் போனாங்க. 2014-இல் உலகமே தலையில ஐஸ் தண்ணியை ஊத்திக்கிச்சே, ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக அமெரிக்கச் சங்கம் ஒன்றுக்கே 11.5 கோடி டாலர் சேர்ந்ததே, அதையும் உதாரணம் காட்டினாங்க.

அம்மா, அந்த வாளியை ஊரறியச் செய்தவங்கள்ல முக்கியமானவர் யாரு? பீட் ஃபிரேட்ஸ். பேஸ்பால் வீரர். 27 வயதில் அந்த நோய் வந்தவர். ஊத்திக்கிட்டவங்க துண்டை எடுத்துத் துவட்டிட்டுப் போயிட்டாங்க. (சிரிப்பு) 2019-இல் சாகும்வரை அவரால் அப்படித் துவட்டிட்டுப் போக முடியலையே! (கைதட்டல்)

இன்னொரு குடும்பத்தைப் பாருங்க. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம், 1968. லியோனோர் வெக்ஸ்லர் என்ற அம்மா காலையில் தெருவில் நடந்து போறாங்க. கால் தள்ளாடுது. காலங்காத்தாலேயே குடிச்சிருக்கியே, வெட்கமா இல்லையான்னு ஒரு போலீஸ்காரர் கேட்டாராம். அது குடி இல்லை, நடுவர் அவர்களே. ஹன்டிங்டன் நோய். மூளை கொஞ்சம் கொஞ்சமாக அழியும். கை கால் தானாக ஆடும். பேச்சு குழறும். புத்தி தடுமாறும். அந்த அம்மாவின் அப்பாவையும் மூன்று சகோதரர்களையும் கொண்டுபோன நோய். பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீதம் வாய்ப்பு. காசைச் சுண்டிவிட்டு, பூவா தலையான்னு பார்க்கிற மாதிரி! அவங்களுக்கு இரண்டு மகள்கள். ஆலிஸ், நான்சி.

அப்பா மில்டன், அதற்கு முன்பே விவாகரத்து ஆனவர். அவர் ரத்தத்தில் இந்த நோய் இல்லை. நமக்கென்னன்னு இருந்திருக்கலாம். இருக்கலையே! விஞ்ஞானிகளைக் கூட்டினார், நிதி திரட்டினார். ஏன்? அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவ்வளவுதான் காரணம்.

1978-இல் லியோனோர் இறந்துட்டாங்க. சுயநலம்னா அன்னைக்கே உண்டியலை மூடியிருக்கணும். மூடலை. அடுத்த ஆண்டே மகள் நான்சி வெனிசுவேலா நாட்டுக்குப் போனாங்க. மரகைபோ ஏரிக்கரையில், இந்த நோய் தலைமுறை தலைமுறையாகப் பீடித்த ஏழை மீனவர் குடும்பங்கள். வருஷா வருஷம் அங்கே போய், வம்ச வரலாறு எழுதி, ரத்த மாதிரி சேகரிச்சாங்க. அதன் துணையோடு 1983-இல், நோய்க்கான மரபணு 4-ஆவது குரோமோசோமில் இருக்குன்னு தெரிஞ்சுது. 1993-இல் மரபணுவே கிடைச்சுது. அந்த மீனவர்கள் நான்சிக்கு மாமனா, மச்சானா? துக்கத்தால் வந்த சொந்தம்! (பலத்த கைதட்டல்)

குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. 2020-இல், 74 வயதில், தனக்கும் அதே நோய் இருப்பதை நான்சி உலகுக்குச் சொன்னாங்க. திரட்டிய பணம் அவங்களைக் காப்பாற்றவில்லை. ஆனா இன்னைக்கு மருந்து தேடுகிறவர்கள் பலரும் அந்த மரபணுவிலிருந்துதான் தொடங்கறாங்க.

இரக்கம் வேண்டாம்னு நான் சொல்லலை. இரக்கம் விருந்தாளி மாதிரி, வந்துட்டுப் போயிடும். வேதனை வீட்டோட தங்கும். அதுதான் ஐம்பது வருஷம் வேலை பார்க்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்னு நம்ம பெரியவங்க சொன்னாங்க. தெரிஞ்சவங்கதான் ஊருக்கும் மருந்து தேடுவாங்க. எனவே, சொந்த வேதனையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.