மழைக்கு முன்பு ஒரு நல்ல டார்ச் லைட்

(செப்டம்பர் மாத உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மழைக்கால முன்னேற்பாடு பற்றி ஆளுக்கு ஒரு தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் சொன்னார். வடிகால், மோட்டார், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது டார்ச் லைட். நான் பி.காம். படித்து, வங்கியில் 34 ஆண்டு குமாஸ்தாவாக இருந்தவன். எலக்ட்ரிகல் எனக்குத் தொழில் இல்லை. ஆனால் டார்ச் வாங்குவதில் முக்கால் பங்கு கணக்குதான்.

2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12-ல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். மூன்று முறையும் சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மிக்ஜாம் சமயத்தில் நம் பிளாக்கில் பாதி வீட்டில் டார்ச் கிடையாது. “செல்போனில்தான் லைட் இருக்கிறதே” என்றார்கள். முதல் ராத்திரி சமையல், சாப்பாடு எல்லாம் அந்த வெளிச்சத்தில் நடந்தது. மறுநாள் பிள்ளைகளுக்குப் போன் செய்து “நாங்கள் பத்திரம்” என்று சொல்ல வேண்டிய நேரத்தில் போனில் சார்ஜ் இல்லை. மூன்றாவது மாடி அம்மா ஒருவர் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க போன் வெளிச்சத்தில் இறங்கினார். பாதியில் போன் அணைந்துவிட்டது. கடைசி இரண்டு படி தெரியாமல் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. முழங்கால் தண்ணீரில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாலு பேர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். போன் பேசுவதற்கு, வெளிச்சத்துக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

இன்வெர்டர் இருக்கிறதே என்பீர்கள். அது சில மணி நேரம் தாங்கும். மாடிப்படிக்கும் வாசலுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சரி, எதை வாங்குவது? காமர்ஸ் படித்தவர்களுக்குத் தேய்மானம் என்றால் தெரியும். மற்ற சாமான்கள் உபயோகிக்க உபயோகிக்கத் தேயும். டார்ச் மட்டும் உபயோகிக்காமல் அலமாரியில் வைத்தாலே தேயும். எல்இடி பல வருடம் எரியும், அதைப் பற்றிக் கவலை இல்லை. தேய்வது பேட்டரி. ஆகவே கடைக்காரர் எவ்வளவு பிரகாசம் என்று காட்டும்போது, உள்ளே என்ன பேட்டரி, அதை நாமே மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

நம் வீடுகளில் அதிகம் இருப்பது, பின்னாலேயே இரண்டு பின் வைத்து, சுவர் பிளக்கில் நேராகச் சொருகும் மலிவு டார்ச். அதில் பலவற்றின் உள்ளே இருப்பது 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி, இன்வெர்டர் பேட்டரியின் குட்டித் தம்பி. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜ் ஏறாது. போன மழைக்கு வாங்கியது இந்த மழைக்கு எரியாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்த வகை உங்களிடம் இருந்தால் மாதம் ஒரு முறை தவறாமல் சார்ஜ் போடுங்கள். இன்னொன்று: சார்ஜ் ஏறும்போது அதைக் கையில் பிடித்து எரிய விடாதீர்கள். மலிவான சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கரண்ட் நேராக உள்ளே வருகிறது. பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்தால் ஷாக் அடிக்கும்.

புதிதாக வாங்குவதென்றால் என் முதல் சிபாரிசு, பென்சில் செல் இரண்டு போடும் சாதாரண எல்இடி டார்ச். சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அதே செல். பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கரண்ட் இல்லாத நாலாவது நாளும் செல் மாற்றி எரிய விடலாம். கணக்கு இதோ: நல்ல அல்கலைன் செல் இரண்டில் சுமார் 6 வாட்-அவர் இருக்கும். அரை வாட்டில் எரியும் டார்ச் என்றால் பத்து மணி நேரத்தை ஒட்டி வரும். அந்தக் காலத்தில் இரண்டு கட்டை பேட்டரி லைட்டைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் நடந்தவர்களுக்கு, இந்தச் சின்ன செல்லில் இவ்வளவு வெளிச்சமா என்று ஆச்சரியமாக இருக்கும்.

அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். வெளிச்சத்தின் அளவு லூமன். ஒரு வாட் எல்இடி ஏறக்குறைய 100 லூமன் தரும். வீட்டுக்குள் நடமாட 30, 40 லூமன் தாராளம். மாடிப்படிக்கு 100. மொட்டை மாடியில் டேங்க் பார்க்கவும் வாசலில் தேங்கிய தண்ணீரில் பாம்பு, பள்ளம் பார்க்கவும் 200 இருந்தால் போதும். இரண்டு கிலோமீட்டர் அடிக்கும் என்று எழுதியிருக்கும் டார்ச் நமக்கு எதற்கு? நமக்கு வேண்டியது காலடியில் அகலமாக விழும் வெளிச்சம். கடையில் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் மட்டும் ஒரு பொட்டுப் போல விழுந்தால் வேண்டாம்.

ஒரு வீட்டுக்கு இரண்டு டார்ச் என்பது என் கருத்து. இரண்டாவது, யுஎஸ்பி வயரில் சார்ஜ் ஆகும் லித்தியம் வகையாக இருக்கலாம். அதிலும் பேட்டரியைக் கழற்ற முடிகிற மாடலாகப் பாருங்கள். 18650 என்று ஒரு செல் உண்டு; 18 மில்லிமீட்டர் பருமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் அந்த எண். நல்ல நிறுவனத்தின் செல்லே சாதாரணமாக 3500 எம்ஏஎச் அளவில்தான் நிற்கும். ஆகவே 9900 என்று அச்சடித்திருந்தால், கையெழுத்து ஒத்துப்போகாத செக் போலத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செல் மேல் பிஐஎஸ் முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். உப்பியிருந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். சில மலிவு டார்ச்சுகளில் டைப்-சி துளை இருந்தாலும், இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள புது வயரில் சார்ஜ் ஏறாது. ஒரு பக்கம் பழைய சதுர முனை உள்ள வயர் வேண்டும். டார்ச் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

மழையில் எடுத்துப் போவதென்றால் ஐபிஎக்ஸ்4 போட்டிருந்தால் சாரல் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், விலை கூடும்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சுவிட்ச் முக்கியம். ஒரு முறை அமுக்கினால் பெரிய வெளிச்சம், மறுபடி அமுக்கினால் சின்னது, இன்னொரு முறை அமுக்கினால் கண் கூசுகிற மாதிரி மினுக்குவது என்று இருக்கும் டார்ச் 80 வயதுக்காரருக்கு உபத்திரவம். மேலே தள்ளினால் எரியும், கீழே தள்ளினால் அணையும் என்ற பழைய மாதிரியே நல்லது. நிமிர்த்தி நிற்க வைக்கிற மாதிரி இருந்தால் இன்னும் உத்தமம். வெள்ளைச் சீலிங்கைப் பார்த்து நிறுத்தினால் அறை முழுக்க வெளிச்சம் பரவும், ராத்திரி சாப்பாட்டுக்குப் போதும்.

பேரப் பிள்ளைகள் வந்து போகும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி டார்ச்சில் பொத்தான் மாதிரி செல் இருக்கும். குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஸ்க்ரூ போட்டு மூடாத டார்ச்சை வீட்டிலேயே வைக்காதீர்கள்.

எங்கள் வங்கியில் ஸ்ட்ராங் ரூமுக்கு ஒரு டார்ச் இருக்கும். மாதம் பிறந்தால் எரிகிறதா என்று பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் ரிஜிஸ்டர் வேண்டாம். கேஸ் சிலிண்டர் தேதி எழுதும் காலண்டரில் ஒரு டிக் போதும். செல்லில் வெள்ளைப் பொடி கசிந்திருந்தால் வெறும் கையால் தொடாமல் எடுத்துவிட்டு, இரண்டையும் புதிதாகப் போடுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று கலக்கக் கூடாது. டார்ச்சைப் பீரோவுக்குள் வைக்காமல், இருட்டில் கை தானாகப் போகிற இடத்தில், கட்டில் பக்கத்து ஆணியில் மாட்டுங்கள்.

அக்டோபர் முதல் ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க அறையில் இருப்பேன். வீட்டில் இருக்கும் டார்ச்சுகளைக் கொண்டுவாருங்கள். செல்லின் வோல்ட்டைப் பார்க்க மீட்டர் இருக்கிறது. புது செல்லை வாங்கிய விலைக்கே தருகிறேன். தீர்ந்த செல்களைக் குப்பையில் போடாமல் அங்கே வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள்; 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் தனியாகத்தான் கொடுக்கச் சொல்கின்றன. படி இறங்க முடியாதவர்கள் வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினால், மீட்டரை எடுத்துக்கொண்டு நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.