சக்கரத்தின் அளவா, நம் உடம்பின் அளவா?

(சைக்கிள் வாங்க நினைக்கும் குடும்பங்களுக்காக, நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் ஞாயிறு காலை ஆற்றிய உரை)



லிஃப்டில் என்னைப் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், மவுண்டன் பைக் வாங்கலாம்னு இருக்கோம். 26 நல்லதா, 27.5 நல்லதா, இல்ல 29-ஆ?" மூன்றாவது மாடி வருவதற்குள் அதற்குப் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால்தான் நம் செயலாளரிடம் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக்கரத்தின் அளவு முக்கியம்தான். ஆனால் அதற்கு மூன்றாவது இடம். முதலிடம் உங்கள் உடம்புக்குப் பொருந்தும் ஃபிரேமுக்கு. இரண்டாவது, டயரும் அதிலுள்ள காற்றும்.

இந்த எண்கள் எப்படி வந்தன? 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண் பாதையில் இறக்கி ஓட்டினார்கள். அந்தச் சைக்கிள்களில் இருந்தது 26 அங்குலச் சக்கரம். கைக்குக் கிடைத்த அந்த அளவே பல வருடங்களுக்கு வழக்கமாகிவிட்டது. 29-உம் 27.5-உம் பிறகுதான் பரவின.

உங்கள் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 54-622 என்பது போல ஓர் எண் இருக்கும். முதலாவது டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். 26-க்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. நம் தாத்தாக்கள் ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் 28 அங்குலச் சக்கரத்துக்கு எவ்வளவு தெரியுமா? 635! அந்த 28-இன் ரிம், இந்த 29-இன் ரிம்மைவிடப் பெரியது. ஆகவே டயர், டியூப் வாங்கும்போது அங்குலத்தை நம்பாமல் இந்த மூன்று இலக்க எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

பெரிய சக்கரத்தால் பலன் உண்டு. கல்லோ பள்ளமோ வந்தால் அது சுலபமாக ஏறிக் கடக்கும். 5 செ.மீ. உயரக் கல் ஒன்றை 26 ஏறுவதற்கு வேண்டிய விசையைவிட, 29-க்குச் சுமார் 6 சதவீதம் குறைவாகப் போதும் என்று கணக்கு சொல்கிறது. சின்னச் சக்கரம் எடை குறைவு, சட்டென்று திரும்பும், குள்ளமானவர்களுக்கு வசதி.

2012 லண்டன் ஒலிம்பிக் மவுண்டன் பைக் போட்டியில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29-இல் தங்கம் வென்றார். சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் 27.5-இல் வெள்ளி வென்றார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் போட்டியில் இருவருக்கும் இடைவெளி ஒரே ஒரு விநாடி. நாம் பால் வாங்கப் போவதற்கும், ஞாயிற்றுக்கிழமை ஆனைகட்டி சாலையில் போய் வருவதற்கும் அந்த ஒரு விநாடிக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, நான் செய்த தவறு. என் மகனுக்கு ஒன்பது வயதானபோது சைக்கிள் வாங்கப் போனோம். கடைக்காரர் 24 அங்குலத்தைக் காட்டினார். "வளர்ற பிள்ளை, ரெண்டு வருஷத்துல சரியாயிடும்" என்று நான்தான் பிடிவாதமாக 26 வாங்கினேன். இரண்டாவது வாரமே நம் பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவில் இறங்கியிருக்கிறான். பிரேக் லீவர் அவன் விரலுக்குச் சரியாக எட்டவில்லை. நிறுத்தக் காலை ஊன்றப் பார்த்தால், கால் தரைக்கு எட்டவில்லை. கீழே தூணில் மோதி மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. நல்லவேளை, எதிரே கார் வரவில்லை. பிள்ளைக்குச் செருப்பை இரண்டு அளவு பெரிதாக வாங்குவோமா? சைக்கிளை மட்டும் ஏன் அப்படி வாங்குகிறோம்?

எனவே கடைக்குப் போகும்போது ஓட்டப்போகும் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சைக்கிளின் மேல் கம்பிக்கு இருபுறமும் காலை ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி வேண்டும். மண் பாதையில் ஓட்டுவதென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. பிறகு சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். குழந்தைகளை மட்டும் முதலில் பாதம் தரையில் படும்படி உட்கார வையுங்கள், பழகிய பிறகு சீட்டை உயர்த்தலாம். பிரேக் லீவர் விரலுக்கு எட்டுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதைக் கைக்கு நெருக்கமாகத் திருப்பி வைக்கச் சின்ன ஸ்குரூ இருக்கும்.

அடுத்தது காற்று. டயரில் அச்சிட்ட வரம்புக்குள், தார்ச் சாலைக்குச் சற்று அதிகமாகவும் மண் பாதைக்குச் சற்றுக் குறைவாகவும் வையுங்கள். சக்கரத்தை மாற்றினால் கிடைக்கும் சுகத்தில் பாதி, செலவே இல்லாமல் இதில் கிடைத்துவிடும். விலை குறைந்த சைக்கிளின் முன்பக்க ஷாக் அப்சார்பர் சாலையில் பெரிதாக உதவாது, எடையைத்தான் கூட்டும்.

மலைச் சாலையில் இறங்கும்போது பிரேக்கை இடைவிடாமல் அழுத்திக்கொண்டே வராதீர்கள், சூடாகிவிடும். விட்டு விட்டுப் பிடியுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் வலது கை லீவர்தான் முன் பிரேக். அதை மட்டும் திடீரென்று அழுத்தினால் தலைகுப்புற விழ நேரிடும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இல்லாமல் கேட்டைத் தாண்டாதீர்கள். காட்டுப் பாதை அழகாக இருக்கிறதே என்று வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகவும் வேண்டாம். அது குற்றம், தவிர அது யானை நடக்கும் பாதை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பார்க்கிங்கில் தூசி படிந்து, காற்று இறங்கிக் கிடக்கும் சைக்கிள்களைப் பார்க்கிறேன். புதிதாக வாங்குவதற்கு முன் அவற்றைத் தட்டி எழுப்புங்கள். உங்கள் பிள்ளைக்குச் சின்னதாகிப்போனது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கலாம். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு, காற்றடிக்கும் பம்பும் அளவு நாடாவுமாக மெயின் கேட் பக்கம் இருப்பேன். சைக்கிளோடு பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். என் மகனும் உதவிக்கு வருவான். இப்போது அவன் உயரத்துக்கு 26 சரியாக இருக்கிறது.